கரையில் நிற்பவர்கள்

திருக்கோணமலைத் துறைமுகத்திலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து தெற்கே சென்றால், ஈச்சிலம்பற்றுப் பகுதியில் இலங்கைத்துறை இருக்கிறது. என் தந்தையார் பருவந்தோறும் அக்கரையில் வாடி அமைத்துக் கரைவலைத் தொழில் செய்தவர். கரைவலை வளைப்பதைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தோணி வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் செல்லும்; கயிற்றின் ஒரு தலைப்போ கரையிலேயே இருக்கும். அதனைப் பற்றி நிற்பவன் கையை விட்டுவிட்டால், தோணியிற் சென்றவனுடைய உழைப்பெல்லாம் வீணாகும். இறைபக்தி பெரிதா, இரத்த பாசம் பெரிதா என்ற வினா எழும்போதெல்லாம் இந்தக் காட்சியே என் நினைவுக்கு வருகிறது.

பெற்றோர் மீது கொண்ட அன்பு தம்மீது கொண்ட அன்பை விஞ்சலாகாது என்று இயேசுநாதர் போதித்ததை மத்தேயு எழுதியிருக்கிறார். லூக்கா எழுதியிருப்பது இன்னுங் கடுமையானது. பெற்றோரையும் மனைவி மக்களையும் வெறுக்கவேண்டும் என்றே அங்கு காண்கிறோம். குறைவாக நேசிப்பதை வெறுப்பு என்று கூறுவது அக்காலத்து யூதரின் பேச்சு வழக்கு என அறிஞர்கள் விளக்குவர். விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆயினும் அவ்வாக்கின் கூர்மை அதனால் மழுங்கிவிடுவதில்லை.

அக்கூர்மையை எங்கள் வீடு நன்கு அறியும். என் தமையனார் இளவயதிலேயே குருமடம் சேர்ந்தார். அவர் குருப்பட்டம் பெற்ற நாளில் எங்கள் தாயார் அழுதார். ஊரார் அதனை ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். பாதி உண்மை. மற்றப் பாதியை நான் ஒருவனே அறிவேன். தந்தையார் படுக்கையில் விழுந்தபோதும், கடன்காரர் வாசலில் நின்றபோதும், அண்ணன் வெகு தொலைவில் ஒரு பங்கில் இருந்தார். என் படிப்பு நின்றது. நான் வலைக்குப் போனேன். எங்கள் குடும்பம் ஆசீர்வதிக்கப்பட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஆசீர்வாதத்தின் விலை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

அக்காலத்தில் மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் ஒரு சிறு செய்தி என் கண்ணிற் பட்டது. யாக்கோபும் யோவானும் அழைப்பைக் கேட்டுத் தங்கள் தந்தை செபதேயுவைப் படகிலேயே விட்டுச் சென்றார்கள். எவருடன் விட்டார்கள்? கூலியாட்களுடன். மாற்கு இதனைக் கூறாமலே விட்டிருக்கலாம். கூறினார். புதல்வர் இருவரும் புறப்பட்ட பின்னரும் அந்தப் படகில் வலை இழுக்கக் கைகள் இருந்தன என்பதை நாம் மறவாதிருக்கவே கூறினார் என்பது என் துணிபு.

இறைவனுக்காக உறவைத் துறந்தவர்களை நான் குறைத்துப் பேசுகிறேன் என எவரும் எண்ணவேண்டாம். அத்தகையோரால் உருவானதே நம் நாட்டுத் திருச்சபை. 1651இல் கோவாவிற் பிறந்த யோசேவாஸ் முனிவர், கத்தோலிக்கக் குருக்களை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த 1687ஆம் ஆண்டில், கூலியாள் வேடத்தில் இலங்கை வந்தார். 1711இல் கண்டியில் உயிர் நீத்தார். இடையில் ஒருநாளேனும் அவர் பிறந்த மண்ணை மிதிக்கவில்லை. 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நம் கிழக்குக் கரையிலோ யூஜின் ஹீபர்ட் அடிகளாரை மறக்க இயலுமா? அமெரிக்காவின் லூசியானாவிலே 1923இல் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி 1948இல் இங்கு வந்தார். திருக்கோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். நம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தார். போர் மூண்டபோது அவர் தம் நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. 1990 ஆகஸ்டு 15, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியிற் காணாமற் போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. உடன் சென்ற தமிழ் இளைஞனும் மீளவில்லை. அடிகளாரை நினைக்கும் நாம், அந்த இளைஞனுக்காக வாசலைப் பார்த்திருந்த வீட்டையும் நினைத்தல் வேண்டும்.

இவர்கள் தந்தது தம் சொந்த உயிரை. எனக்குத் தெரிந்த ஒருவரோ நோயுற்ற தாயைப் பார்க்கப் போகாமைக்குச் செபக்கூட்டத்தைக் காரணங் காட்டினார்; கேட்டவர்களிடம், கடவுளுக்கே முதலிடம் என்றார். இத்தகைய பக்தியை இயேசுநாதர் அறிந்திருந்தார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிடுபவர்களை அவர் வன்மையாகக் கண்டித்தார். தாமோ சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் அன்னையைச் சீடர் ஒருவரிடம் ஒப்படைத்த பின்னரே உயிர் விட்டார். உலகத்தை மீட்கும் பணியினிடையே ஒரு தாயின் அடைக்கலத்தை எண்ண அவருக்கு நேரம் இருந்தது.

குடும்பத்தின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் எவர்தாம் துறவுக்குப் புறப்படுவார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. புறப்படவேண்டாம் என்று நான் கூறவில்லை. புறப்படுபவன் தன்னுடையதைக் கொடுக்கட்டும். தன் தம்பியினுடையதையும் தாயினுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் தன் தியாகமென்று எண்ணாதிருக்கட்டும். குருப்பட்ட விழாவுக்குப் பந்தலிடும் பங்கு மக்கள், அந்தப் பெற்றோரை முதுமையில் யார் தாங்குவார் என்றும் ஒருமுறை கேட்கட்டும். அதுவும் இறைபணியே.

தாயார் இறந்து மூன்று நாள் கழித்தே அண்ணன் வந்து சேர்ந்தார். அன்றிரவு திண்ணையில் அமர்ந்து, "தம்பி, என்னை மன்னித்துவிடு" என்றார். மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை, அது பொய்யாகியிருக்கும். "நீங்கள் போனது சரிதான், அண்ணை. ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை" என்றேன். அவர் தலையசைத்தார். மறுநாட் காலைப் பூசையில் தாயாரின் பெயரோடு என் பெயரையும் சொல்லி மன்றாடினார். அத்தனை ஆண்டுகளில் அதுவே முதன்முறை.