நடவு ஆட்கள் திரும்பியதும் நேரடி விதைப்பு சுருங்கியது ஏன்?

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு அமலுக்கு வந்தபோது, பஞ்சாப் விவசாயிகளுக்குக் கோதுமை அறுவடை பெரிய கவலையாக இல்லை. அதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அடுத்து வந்த நெல் நடவுதான் சிக்கல். அங்கே சுமார் 30 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிராகிறது. நடவுக்கு ஆண்டுதோறும் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்த ஆண்டு பெரும்பாலானோர் சொந்த ஊர் போய்விட்டார்கள். இருந்த சிலருக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் கடுமையாக உயர்ந்தது.

லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த நேரடி நெல் விதைப்புக்கு அப்போதுதான் ஆள் சேர்ந்தது. நாற்றங்கால், சேற்றுழவு, நடவு மூன்றும் இல்லை. வயலை முதலில் நீர் பாய்ச்சி நனைத்து, உழவுப் பதம் வந்ததும் ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ விதையை டிராக்டர் விதைப்புக் கருவியால் வரிசையாக விதைக்கிறார்கள். முளைப்பதற்கு முன்பே களைக்கொல்லி தெளித்துவிட வேண்டும். விதைப்பையும் தெளிப்பையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கும் கருவியும் அங்கே உண்டு. முதல் தண்ணீர் சுமார் 21 நாள் கழித்துத்தான். ஆரம்பத்தில் தண்ணீர் தாமதமாவதால் வேர் ஆழமாக இறங்குகிறது. நீர்ச் சேமிப்பு 15 முதல் 20 சதவீதம் என்கிறது பல்கலைக்கழகம்.

2020இல் சுமார் 5 லட்சம் ஹெக்டேரில் நேரடி விதைப்பு நடந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. 2022இல் ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்து, 12 லட்சம் ஹெக்டேர் இலக்கு வைத்தார்கள். பதிவானது 2 லட்சம் ஹெக்டேர்கூட இல்லை. முதல் கணக்கு தோராயம், இரண்டாவது பதிவு செய்து சரிபார்த்தது என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஊக்கத்தொகை கொடுத்தும் இலக்கில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை என்பதைத் தட்டிக்கழிக்க முடியாது.

காரணங்களில் முதலாவது, ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டாவது, களை. நடவு வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரே பாதிக் களையை அடக்கிவிடும். நேரடி விதைப்பில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மண்ணில் ஈரமில்லாதபோது பெண்டிமெத்தலின் தெளித்தால் பலன் குறைவு. விதைத்த சில நாளில் மழை பெய்தால் மேல்மண் இறுகி முளை வெளிவராது. மணற்பாங்கான நிலத்தில் இரும்புச்சத்துக் குறைபாட்டால் இளம் பயிர் வெளுத்துவிடும். இப்படி அடிபட்டவர்களில் சிலர் வயலை மறுபடி உழுது நடவுக்கே போனார்கள்.

மூன்றாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பஞ்சாபில் விவசாய மின்சாரம் இலவசம். நிலத்தடி நீரைச் சேமித்தால் நாட்டுக்கு லாபம், ஆனால் விவசாயியின் கையில் அதற்கு ஒரு ரூபாயும் வராது. அவர் கண்ணுக்குத் தெரிவது ஆள் கூலி மட்டுமே. அந்த நெருக்கடி தளர்ந்ததும், களை பயம் ஜெயித்துவிட்டது. நம் ஊர் மோட்டார் பாசனத்திலும் இதே நிலைதான்.

தமிழ்நாட்டுக்கு நேரடி விதைப்பு புதிதல்ல. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் புழுதி விதைப்பு தலைமுறைகளாக நடக்கிறது. டெல்டா கடைமடையிலும் சம்பாவுக்கு விதைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கைத்தெளிப்பு. விதை அதிகம் செலவாகும், வரிசை இல்லாததால் கோனோவீடர் ஓட்ட முடியாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டும். 2024இல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். தண்ணீர் தள்ளிப்போகும் இத்தகைய ஆண்டில், நாற்றங்காலுக்குக் காத்திராமல் விதைத்து, நடவுப் பயிரைவிட ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக அறுப்பது நமக்குப் பெரிய விஷயம். பஞ்சாபில் ஆள் பற்றாக்குறை செய்த வேலையை இங்கே தண்ணீர் செய்யலாம்.

இதில் இழப்பவர்களும் உண்டு. நடவுக்கூலியை நம்பியிருக்கும் பெண்களின் வேலைநாட்கள் குறையும். விதைப்புக் கருவிகளை மகளிர் குழுக்களின் வாடகை மையங்களுக்குக் கொடுத்து, ஓட்டவும் பழக்கினால் அந்த வருமானத்தில் ஒரு பகுதியாவது ஊரிலேயே நிற்கும். இப்போதைய மானியத் திட்டங்களில் கருவிக்குக் கிடைக்கும் கவனம் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை.

முயல நினைப்பவர்கள் முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். மேடு பள்ளமில்லாமல் சமன் செய்த ஓர் ஏக்கரில் தொடங்கலாம். விதைத்த 20 முதல் 25 நாளுக்குள் களைகள் இரண்டு மூன்று இலையில் இருக்கும்போதே பிஸ்பைரிபேக் சோடியம் போன்ற மருந்து தெளிக்க வேண்டும். தாமதித்தால் கேட்காது. களை நெல் மண்டிய வயலில் மட்டும் நேரடி விதைப்பைத் தவிர்த்துவிடுங்கள். அதுவும் நெல்லினமே என்பதால் பயிரைக் கெடுக்காமல் அதை மட்டும் கொல்லும் மருந்து நம் வழக்கமான ரகங்களுக்கு இல்லை. அங்கே ஓரிரு பருவம் சேற்றுழவும் நடவுமே சரி.