கைப்பேசியில் வங்கி: வசதியும் விலையும்

காப்பார் இரவுச் சந்தையில் நான்கு ரிங்கிட்டுக்குப் பலகாரம் வாங்கினாலும், நம் கை பணப்பைக்குப் போவதில்லை. டுயிட்நவ் கியூஆர் அட்டையைத்தான் கண் தேடுகிறது.

மலேசியாவில் இணைய வங்கிச் சேவை 2000ஆம் ஆண்டில் அறிமுகமானது. முன்பு மின்கட்டணம் செலுத்தவும் பணம் அனுப்பவும் பட்டணம் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2018 ஜூலை முதல், 5,000 ரிங்கிட் வரையிலான உடனடிப் பணப் பரிமாற்றத்துக்கு இருந்த 50 சென் கட்டணமும் நீக்கப்பட்டது. வெளியூரில் படிக்கும் மாணவருக்கு வீட்டிலிருந்து செலவுப் பணம் நொடியில் வந்து சேர்கிறது. சிறு வியாபாரிக்குச் சில்லறைத் தொல்லை குறைந்திருக்கிறது.

ஆனால், இந்த வேகம் மோசடிக்காரர்களுக்கும் கைகொடுக்கிறது. போலிச் செயலியைப் பதிவிறக்கினால், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி எண்ணை அவர்களும் படித்துவிட முடியும். இதனால்தான் 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடுமாறும், ஒருவரின் கணக்கை ஒரே கருவியோடு இணைக்குமாறும் வங்கிகளைப் பணித்தது. அடுத்த மாதமே 997 என்ற எண்ணுடன் தேசிய மோசடி எதிர்வினை மையம் தொடங்கப்பட்டது. பறிபோன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் அதை முடக்க வேண்டும். எனவே, தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான்.

அந்தப் பணம் தாவும் ‘கழுதைக் கணக்குகள்’ யாருடையவை? இங்குதான் மாணவர்களாகிய நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். “ஏடிஎம் அட்டையை வாடகைக்குக் கொடு, மாதம் சில நூறு ரிங்கிட் கிடைக்கும்” என்ற அழைப்பு நம் வயதினரைக் குறிவைத்தே வருகிறது. 2024இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின்படி, தகுந்த காரணமின்றித் தன் கணக்கைப் பிறர் கையில் ஒப்படைப்பதே குற்றம். “எனக்குத் தெரியாது” என்பது எளிதில் தப்பிக்க உதவாது.

இன்னொரு குறையும் உண்டு. என் பாட்டி இன்றும் சேமிப்புப் புத்தகத்தைத்தான் நம்புகிறார். அண்மையில் கடவுச்சொல்லை என்னிடமே சொல்லி, “நீயே பார்த்துக்கொள், ஐயா” என்றார். நான் வாங்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து அவரையே தட்டச்சு செய்ய வைத்தேன். முதல் மின்கட்டணத்துக்கு அரை மணி நேரம் பிடித்தது. அடுத்த மாதம் அவரே கட்டிவிட்டார்.

இணைய வங்கியைத் தவிர்க்க இனி முடியாது. நம் கணக்கை யாருக்கும் கொடுக்காதிருப்போம்; நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுப்போம்.