பாதாள சங்கீதம்

கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பில் நின்று 'ரெக்கார்டு கடை எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். ஆறு பேர் ஹோம்மேட் சாக்லேட் கடைக்கு வழி காட்டுவார்கள். ஏழாவது ஆள், 'ரூம் வேணுமா சார்?' என்பார்.

நண்பர் அசரவில்லை. அவருக்கு வேண்டியது 'அண்டர்கிரவுண்ட்' மியூசிக். அதாவது ரேடியோவில் வராத, பெரிய கம்பெனி தொடாத, கேட்கிறவனின் அப்பாவுக்குப் பிடிக்காத சங்கீதம். 1901-ல் அமெரிக்க மிஷனரிகள் பள்ளிக்கூடம் வைத்த ஊர், எழுபதுகளில் ஹிப்பிகள் தங்கிய ஊர். யாராவது ஒரு எல்.பி.யை விட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்களா என்பது அவர் கணக்கு. போயிருக்கலாம். ஆனால் 2,100 மீட்டர் உயரத்துப் பனியிலும் ஈரத்திலும் அட்டை உறை பூஞ்சை பிடித்துவிடும். தட்டுக்குப் பரவினால் பாட்டுக்குப் பதில் அப்பளம் பொரிகிற சத்தம்தான்.

அவருடைய லட்சியம் 'சிம்லா பீட்'. சிகரெட் விளம்பரத்துக்காக இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி நடத்திய ராக் போட்டி. நம்ம ஊர்ப் பையன்கள் முடி வளர்த்து கிடார் வாசித்ததை 1970, 71-ல் எல்.பி.யாகப் போட்டார்கள். இன்றைக்கு அதற்கு வெளிநாட்டில் அலைகிறார்கள். சென்னையில் தேடலாமென்றால் பழைய மூர் மார்க்கெட் 1985-லேயே எரிந்து போச்சு. மும்பை ரிதம் ஹவுஸும் 2016-ல் ஷட்டரை இறக்கியாச்சு.

வெறுங்கையோடு மலை இறங்கி, பழனி அடிவாரம். முருகன் பாட்டு அலறுகிற ஒரு கடையில் நண்பர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அண்டர்கிரவுண்டா? கீழ கொடவுன்ல கிடக்கு, வாங்க" என்று கூட்டிப்போனார் கடைக்காரர்.

சாக்கு மூட்டை. உள்ளே விற்காத கேசட்டுகள். வில்லுப்பாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, ஏதோ ஒரு கிராமத்து அம்மன் கதை. ரேடியோவில் வராதது, பெரிய கம்பெனி தொடாதது... சாமுத்ரிகா லட்சணம் அத்தனையும் பொருந்துகிறது!

"இதெல்லாம் எம்பி3-ல ஏத்தியாச்சாங்க?"

"யாரு சார் ஏத்துவா? பாடின அம்மா இருக்காங்களான்னே தெரியல. அடுத்த வாரம் எடைக்குப் போடப்போறேன்."

கேசட் டேப் என்பது பிளாஸ்டிக் நாடாமேல் பூசிய இரும்புத் துரு, அவ்வளவுதான். பூச்சு உதிர்ந்தால் குரலும் உதிரும். வேறு பிரதி இல்லையென்றால் அந்த அம்மா பாடினதாகவே யாருக்கும் தெரியாது.

நண்பர் பேரம் பேசாமல் மூட்டையோடு வாங்கிவிட்டார். பஸ் கண்டக்டர் லக்கேஜ் போட்டது தனிக் கதை.

இப்போது அவசரத் தேவை: ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்று. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் சொல்லுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலும் பரவாயில்லை. சிக்கின நாடாவைச் சுற்ற பென்சில் அவரிடமே இருக்கிறது.