சட்டைப்பைச் சாமி

வண்டியூர் தெப்பக்குளத்துக் கல்சுவரின் மேல் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை தென்படும். திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய இக்குளம் வெகுகாலம் தண்ணீரின்றி, தை மாதத் தெப்பத் திருநாளுக்கு மாத்திரம் நீர் விடப்பட்டு, மற்ற நாளெல்லாம் பையன்கள் கிரிக்கெட் ஆடும் பொட்டலாய்க் கிடந்தது. சமீப வருஷங்களில் வைகையிலிருந்து வரும் கால்வாய் செப்பனிடப்பட்டு, நடு மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கின்றது. காற்று வாங்கவும் சுண்டல் தின்னவும் ஜனங்கள் கூடுகின்றார்கள். ஆனால் கூடியவர்களில் பெரும்பாலோர் தலைகுனிந்தே இருக்கின்றார்கள். புருஷன் ஒரு பக்கம் குனிந்திருக்கின்றான், பெண்சாதி மறுபக்கம் குனிந்திருக்கின்றாள், நடுவில் நிற்கும் குழந்தை தண்ணீரைக் காட்டி எதையோ கேட்கின்றது, பதில் சொல்வாரில்லை.

சித்திரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போதும் இதே கதைதான். முன்னெல்லாம் கும்பிடுவதற்குக் கை உயரும். இப்பொழுது போனைத் தூக்கிப் பிடிக்க உயருகின்றது. சாமி பார்க்க வந்தவன் சாமியையும் பார்ப்பதில்லை. அதில் நமக்கொன்றும் நஷ்டமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால், கல்லுக்கு முன் தலை குனியாதே என்று நூறு வருஷமாய்ச் சொல்லிவருகின்ற இயக்கத்தைச் சேர்ந்த நமது தோழர்களும் அதே கூட்டத்தில் அதேமாதிரி குனிந்திருக்கின்றார்களே என்பதுதான் நாம் இதை எழுதக் காரணம்.

பிறரைச் சொல்லுவானேன்? எமது சங்கதியையே சொல்லிவிடுகின்றோம். சென்ற வருஷம் ஒரு வாரம் முழுவதும், வேறு ஜில்லாவில் நடந்த ஓர் ஆணவக் கொலையைப் பற்றி பேஸ்புக்கில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தோம். முகமறியாத ஓர் ஆசாமியோடு இரவு ஒரு மணி வரைக்கும் வாதம். எமது பதிலுக்கு முந்நூற்றுச் சொச்சம் பேர் விருப்பக்குறி போட்டார்கள். சாதியில் பாதியை அன்றிரவே ஒழித்துவிட்டதாக எமக்கு ஒரு கர்வம்.

நாலு நாள் கழித்து டீக்கடையில் காதில் விழுந்தது என்னவென்றால், அதே வாரத்தில் சாதியை விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட ஓர் இளம் ஜோடி எமது தெருவிலேயே வாடகைக்கு வீடு கேட்டு வந்ததாம். எமது வீட்டிலிருந்து ஆறாவது வீட்டில், "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டு, சொன்னவுடன் வீடு இல்லையென்று அனுப்பிவிட்டார்களாம். அந்தப் பெண் தெருவில் சற்று நேரம் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தாராம். யாராவது ஒருவர் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அந்நேரம் நாம் எமது வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தோம். கையில் போன் இருந்தது. பார்த்ததாகவே ஞாபகமில்லை.

அவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்தும் தெரியவில்லை. அன்றோடு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குழுக்கள் ஆகிய எல்லாவற்றையும் விட்டோம். இன்றைக்கு ஒன்பது மாதமாகின்றது.

இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், "என்ன அய்யா, விரதமா?" என்று கேலி செய்தார். கேலியாயினும் பதில் சொல்லத்தக்க கேள்விதான். ஏனெனில், இப்பொழுது பணக்காரர்கள் மலைமேல் பங்களா பிடித்து, இரண்டு நாள் போனைத் தொடாமலிருந்துவிட்டு, அதற்கு "டிஜிட்டல் உபவாசம்" என்று பெயரும் வைத்துக்கொண்டு, கீழே இறங்கியவுடன் அந்த உபவாசத்தின் போட்டோவையே இன்ஸ்டாகிராமில் போடுகின்றார்கள். சனிக்கிழமை ஒருபொழுது இருந்து ஞாயிற்றுக்கிழமை மும்மடங்கு தின்னும் பக்தனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? விரதமென்பது மறுபடியும் அங்கேயே போவதற்குச் செய்துகொள்ளும் ஏற்பாடு. நாம் விட்டது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை எப்படி யோசித்துப் பார்த்து விட்டோமோ அப்படி யோசித்துப் பார்த்து விட்டதேயாகும்.

நிற்க, யந்திரத்தின் மீது நமக்குத் துவேஷம் இல்லை. சட்டைப்பைக்குள் கம்பியில்லாச் சாதனம் வரும், ஆளுக்கு ஆள் உருவம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், ஒரே இடத்திலிருந்துகொண்டு பல இடத்தாருக்குப் பாடம் நடத்துவார்கள் என்று 1940களிலேயே "இனி வரும் உலக"த்தில் எழுதியவர் பெரியார். இன்று வண்டியூர்க் கிழவியும் துபாயிலிருக்கும் பேரனின் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றாள். இதை வேண்டாமென்பவன் மடையன். எமது பையிலும் போன் இருக்கின்றது. பேசுகின்றோம், கரண்டு பில் கட்டுகின்றோம். நாம் கேட்பதெல்லாம், அந்தச் சாதனம் யாருக்கு வேலை செய்கின்றது என்பதே.

கோவிலைப் பற்றி நாம் முதன்முதல் கேட்ட கேள்வி என்ன? சாமி உண்டா இல்லையா என்பதற்கும் முன்னால், தட்டில் விழும் காசு யாருக்குப் போகின்றது என்பதல்லவா? இங்கேயும் அதையே கேட்டுப் பார்ப்போம். பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் மெட்டா என்கின்ற ஒரே கம்பெனியின் சொத்து. அந்தக் கம்பெனிக்கு 2024ஆம் வருஷத்தில் வந்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். நம்மிடம் காலணா வாங்காமல் இலவசமாய்த் தருகின்றவர்களுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய அவ்வளவும் விளம்பரத்தில் வந்தது. அதாவது, நம் கண் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிலைத்திருக்கின்றது என்பதைக் கணக்கெடுத்து, அந்த நேரத்தைக் கடைக்காரனுக்கு விற்றதால் வந்தது. கோவிலில் தேங்காயையாவது உடைத்துப் பாதி மூடி திருப்பிக் கொடுக்கின்றார்கள்!

இந்தப் பிடிப்பு எப்படி உண்டாகின்றதென்பது ரகசியமல்ல. 1948இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் எட்டுப் பசித்த புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, குறித்த நேரத்துக்கொருமுறை தீனி விழும்படி செய்தார். தீனி விழும் சமயத்தில் ஒரு புறா தற்செயலாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியதால்தான் தீனி வந்தது என்று மறுபடியும் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. மற்றொன்று தலையை ஆட்டிற்று. எட்டில் ஆறு புறாக்கள் இப்படி ஆளுக்கொரு சடங்கு ஏற்படுத்திக்கொண்டன. அதற்கு அவர் வைத்த பெயரே புறாவின் மூடநம்பிக்கை என்பது. அதே ஆசிரியர் வேறு சோதனைகளில் கண்டது இன்னும் முக்கியமானது. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்தால், தீனி நின்றவுடன் புறா சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போதோ கிடைக்கும், எப்போதென்று தெரியாது என்று வைத்தால் ஓயாமல் கொத்திக்கொண்டேயிருக்கும். வேண்டுதல் பலித்தாலும் பலிக்கும், பலிக்காமலும் போகும் என்பதால்தானே உண்டியல் நிறைகின்றது? விருப்பக்குறி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்பதால்தானே நாமும் ஐந்து நிமிஷத்துக்கொருதரம் போனை எடுத்துப் பார்த்தோம்? போதாக்குறைக்கு, பக்கம் முடிந்தால்தானே மூடிவைப்பான் என்று, முடிவே இல்லாமல் கீழே கீழே போய்க்கொண்டிருக்கும்படியான ஏற்பாட்டை 2006இல் ஒருவர் கண்டுபிடித்தார். அசா ராஸ்கின் என்னும் அவரே பிற்பாடு, தாம் செய்ததற்காக வெளிப்படையாய் வருத்தப்பட்டார். புரோகிதர்களில் அப்படி வருத்தப்பட்ட ஒருவரையும் நாம் அறியோம்.

பொழுது வீணாவது மாத்திரமாயிருந்தால் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. புத்தியும் போகின்றது. 2018 மே மாதம் திருவண்ணாமலை ஜில்லா போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வக் கோவிலுக்கு வழி தேடிக்கொண்டு காரில் போன ஒரு வயதான அம்மாள் வழியிலிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருப்பதாக அதற்குள் வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஊரார் கூடி அந்த அம்மாளை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்களில் ஒருவராவது, என் பிள்ளை காணாமல் போயிற்றா, பக்கத்து வீட்டுப் பிள்ளை காணாமல் போயிற்றா என்று யோசித்திருப்பாரா? இந்தியாவில் வேறு பல இடங்களிலும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், அவ்வருஷம் ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 இடங்களுக்குமேல் தள்ளிவிட முடியாதபடி கம்பெனியார் கட்டுப்படுத்தினார்கள். 2019 ஏப்ரலில் புதுக்கோட்டை ஜில்லா பொன்னமராவதியில், ஒரு சாதியாரையும் அவர்கள் பெண்களையும் இழிவாய்ப் பேசிய ஒரு வாட்ஸ்அப் பேச்சுக்காக ஆயிரக்கணக்கானவர் வீதிக்கு வந்து, 144 உத்தரவு போடவேண்டியதாயிற்று. பேசியவன் எவனென்று தெரிவதற்கு முன்பே ஊர் இரண்டுபட்டது.

"அப்படியானால் சர்க்கார் தடுத்துவிடட்டுமே" என்பார்கள் சிலர். தடுத்தும் பார்த்தாயிற்று. நமது மதுரையிலுள்ள ஐகோர்ட்டுக் கிளையே 2019 ஏப்ரல் 3ந் தேதி டிக்டாக்கைத் தரவிறக்கக் கூடாதபடி செய்யச் சொல்லி, அதே மாதம் 24ந் தேதி அத்தடையை நீக்கிற்று. பிறகு 2020 ஜூன் 29ந் தேதி மத்திய சர்க்கார், சீனத் தகராறின்மேல், டிக்டாக் உள்பட 59 செயலிகளை ஒரேயடியாய்த் தடுத்தார்கள். ஆட்டம் நின்றதா? அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஆடினவர்கள் மேடையை மாற்றிக்கொண்டார்கள். சாதிப் பெருமைப் பாட்டுக்கு அரிவாளைத் தூக்கிக் காட்டுகிறவனும் கூடவே இடம் மாறிக்கொண்டான்.

தடையென்று வந்தால் முதலில் அது யார் தலையில் விழும் என்பதையும் மறக்கக்கூடாது. 2019 ஜூலையில் குஜராத்தில் பனாஸ்காந்தா ஜில்லாவில் 12 கிராமத்துத் தாக்கூர் சாதியார் கூடி, கல்யாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு அப்படியொரு தடையும் இல்லை. சாதி விட்டுச் சாதி கல்யாணமும் அதே கூட்டத்தில் குற்றமாக்கப்பட்டது. ஆகவே போனின் மேல் கோபமா, அல்லது பெண் தன்னிஷ்டப்படி ஒருவனோடு பேசுவதன் மேல் கோபமா என்பது விளங்கவில்லையா? நமது ஊர் டீக்கடையிலும், தன் கையிலுள்ள போனை ஒரு கணம் கீழே வைக்காமலேயே, "பொம்பளைப் பிள்ளைகள் போனால் கெட்டுப்போகுது" என்று பேசுகின்ற பெரிய மனிதர்கள் உண்டு. அப்படிப்பட்டவர் எவரும் இக்கட்டுரையைத் தமக்குச் சாதகமாய் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகாராஷ்டிரத்தில் சாங்லி ஜில்லாவில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். அங்கே 2022 ஆகஸ்டு 15 முதல் தினமும் மாலை 7 மணிக்குச் சங்கு ஊதுகின்றது. ஊதியவுடன் எல்லோர் வீட்டிலும் போனையும் டெலிவிஷனையும் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் படிக்க, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, 8.30க்கு மறுபடியும் ஊதுகின்றது. ஆரம்பத்தில் ஆண்கள் சிரித்தார்களாம். பெண்கள்தான் முதலில் ஒப்புக்கொண்டார்களாம். இதில் எமக்குப் பிடித்தது, ஆண், பெண், பெரியவர், சிறியவர் என்ற பேதமில்லாமல் ஊர் முழுமைக்கும் ஒரே கட்டுப்பாடு என்பது. சங்கைக் கோவிலில் வைத்திருக்கின்றார்கள் என்று கேள்வி. போகட்டும், அந்தக் கட்டடமும் ஒரு நல்ல காரியத்துக்கு உபயோகப்பட்டால் சரி.

நமது தோழர் ஒருவர் சொன்ன ஆட்சேபணை இவையெல்லாவற்றையும்விடப் பலமானது. "பத்திரிகைகள் எல்லாம் மேல்சாதியார் கையில் இருந்தன, நம்மவன் அடிபட்டால் ஒரு வரி போடமாட்டார்கள். இன்று ஒரு கிராமத்துப் பையன் போனில் படம் பிடித்துப் போட்டால் கலெக்டர் ஓடிவருகின்றார். இதை விடச் சொல்லுகிறீர்களே?" என்றார். மெய்தான். அந்தப் பையனை விடச் சொல்லவில்லை. அவன் தன் கண்ணால் கண்டதைப் போடுகின்றான். போட்டது அவனுக்குக் காரியம். நாமோ அவன் போட்டதைத் திண்ணையிலிருந்துகொண்டு தள்ளிவிட்டு, தள்ளியதையே தொண்டு என்று நினைத்துக்கொண்டோம். தோழர் பதில் சொல்லவில்லை, ஒத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றோம்.

முற்காலத்தில் நமது இயக்கப் பத்திரிகை ஒரு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். சலூனிலோ டீக்கடையிலோ எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர் கேட்டு, இடையில் மறித்து, சண்டையும் போடுவார்கள். ஆளுக்கொரு பத்திரிகை கைக்குள் வந்துவிட்ட இந்நாளில் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. 2016இல் ஜியோ கம்பெனியார் இணையத்தை இலவசமாய் இறைத்தது முதல் நமது படிப்பகத்துப் பெஞ்சு காலியானதை நாமே கண்ணால் பார்த்தோம்.

ஆறு மாதமாக அந்தப் பெஞ்சைத் தெருமுனை டீக்கடை வாசலில் போட்டிருக்கின்றோம். மாலை 7 மணியிலிருந்து 8.30 வரை. கடைக்காரர் ஒரு பழைய பிஸ்கட் டின் கொடுத்திருக்கின்றார், போனெல்லாம் அதற்குள். முதல் வாரம் மூன்று பேர். இப்பொழுது பதினோரு பேர் வருகின்றார்கள். அதில் நாலு பேர் பெண்கள். ஒரு நாள் டின்னுக்குள் ஏதோ ஒரு போன் விடாமல் அடிக்க, யாருடையது என்று எல்லோரும் துடித்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். போன மாதம் இதே பெஞ்சில், வீடு கிடைக்காத ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. மறுநாள் காலையில் நாலு பேர் கூடவே போனோம். இரண்டு வீட்டில் இல்லையென்றார்கள். மூன்றாவது வீட்டு அம்மாள், "வாடகையை அஞ்சாந் தேதிக்குள்ளே குடுத்துருவாகளா?" என்று மாத்திரம் கேட்டார்.

இஷ்டமுள்ளவர்கள் வரலாம். டீ அவரவர் செலவு.