பதினான்கு நாள் முன்னறிவிப்பு

2021 ஏப்ரல் 7 அன்று கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்கள் ஆறாவது ஊதியக்குழுப் பரிந்துரைப்படி ஊதியம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. தேர்வுக் காலத்தில் இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் 'மாணவர்கள் அவதி' என்று தலைப்பிடுகிறோம். அத்தொடரில் அவதியுறுவோர் உண்டு, அவதிக்குக் காரணமானவர் இல்லை. அந்த வெற்றிடத்தில் வாசகர் மனம் ஓட்டுநரையும் நடத்துநரையும் இருத்திக்கொள்கிறது.

பொதுப் போக்குவரத்தில் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் முதலே உள்ள விதி. அறிவிப்பு வந்த பின்னும் தேர்வை நடத்துவோர் வாய் திறவாதிருந்தால், அந்த மௌனத்திற்கு யார் பொறுப்பு?

விடுதி மாணவர் நடந்து வருவார். வசதியுள்ளவர் வாடகைக் காரில் வருவார். சலுகைப் பயண அட்டையை நம்பிச் சிற்றூரிலிருந்து வருபவரே ஒரு பருவத்தை இழப்பார். படிக்க வேண்டிய இரவில் அவர் சுற்றறிக்கைக்காக அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

முன்னறிவிப்பு வெளியான வாரத்திலேயே மாற்றுத் தேதியை அறிவியுங்கள். வர இயலாதவருக்கு அபராதமின்றி மறுதேர்வு என்பதை விதியாக்குங்கள். அப்போது தொழிலாளரின் உரிமைக்கு மாணவரின் பருவத்தைப் பணயம் வைக்க எவராலும் இயலாது.