சர்வர் படுத்துவிட்டால் சாமானியன் கதி என்ன?

“சர்வர் வேலை செய்யவில்லை. நாளைக்கு வாருங்கள்!”

வள்ளியூர் வட்டாரத்துத் தொழிலாளி கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு இது. பணகுடியிலிருந்து பஸ் ஏறி வந்தவரும், ராதாபுரத்திலிருந்து அரைநாள் கூலியைத் துறந்து வந்த பீடித் தொழிலாளித் தாயும், இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கூலி போயிற்று, பஸ் சார்ஜ் போயிற்று. வந்த காரியமோ வாசலிலேயே நிற்கிறது.

தோழர்களே! சர்வர் என்றால் ஓட்டலில் இட்டிலி கொண்டுவந்து வைக்கிறவர்தான் நமக்குப் பழக்கம். அலுவலகச் சர்வரும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. பத்து மேஜைகளில் பத்துக் கம்ப்யூட்டர்கள் கேட்கும் கணக்கையும் பதிவேட்டையும் எடுத்து வைக்கும் நடு எந்திரம் அது. ஓட்டல் சர்வர் காய்ச்சலில் படுத்தால், முதலாளி கடையை மூடுவதில்லை. இன்னொருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பந்திக்கு வந்துவிடுகிறார். எந்திரச் சர்வர் படுத்தால் மட்டும் ஏன் ஊரே காத்துக் கிடக்க வேண்டும்? மாற்று ஏற்பாடு இல்லை என்பதுதானே காரணம்!

எந்திரம் பழுதாவது குற்றமில்லை. மின்சாரம் தாறுமாறாக வரும், டிஸ்க் தேயும், வெள்ளம் புகும், தீப் பிடிக்கும், திருடன் நுழைவான். இவை நடக்கும் என்று தெரிந்தும் கைகட்டி இருப்பதுதான் குற்றம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைச் சீமை மறக்குமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டாள். கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் கீழ்த்தளத்து மூலையில் ஓர் எந்திரமும், அதன் தலைமேலேயே அதன் நகலும் இருந்தால், இரண்டும் ஒன்றாகத்தான் மூழ்கும். அதற்குப் பெயர் பாதுகாப்பா?

தென்கொரியா எந்திரத் தொழிலில் உலகை மிரட்டும் நாடு. அங்கே 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரத்து அரசுத் தரவு மையத்தில் பாட்டரி தீப்பற்றியது. 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் களஞ்சியம் சாம்பலாயிற்று. அதற்கு வெளியே நகல் இல்லை. “அளவு மிகப் பெரிது, நகல் எடுக்க இயலவில்லை” என்பது அவர்கள் சொன்ன சமாதானம். பெரிது என்பதற்காகக் காப்பாற்றாமல் விட்டார்களாம்!

டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கதையையும் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று சைபர் கொள்ளையர் அதன் சர்வர்களைப் பூட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் டாக்டர்களும் நர்சுகளும் காகிதமும் பேனாவுமாக நின்றார்கள். ஆனால் நோயாளிகளின் விவரம் திரும்பக் கிடைத்தது. எப்படி? தாக்குதலுக்கு ஆளாகாத நகல் சர்வர் ஒன்று தப்பியிருந்தது. அங்கே நகல் இல்லை, எல்லாம் போயிற்று. இங்கே நகல் இருந்தது, எல்லாம் மீண்டது.

திருடன் நம் ஊர்ப்பக்கம் வரமாட்டான் என்று நினைக்க வேண்டாம். 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் நச்சு நிரல் புகுந்தது. முதலில் மறுத்தார்கள், மறுநாள், அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் அமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. பிரித்து வைத்தது பிழைத்தது என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நம் பாட்டன் விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு கலந்து வைத்ததில்லை. தனிக் குலுக்கையில் போட்டு மூடி வைத்தான். பட்டினி கிடந்தாலும் அதில் கைவைக்கவில்லை. கணக்கின் விதைநெல்தான் நகல். முறை எளிது: மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகைச் சாதனங்களில் வேண்டும், ஒன்றாவது வெளியூரில் வேண்டும். 2023 மழை நெல்லையையும் தூத்துக்குடியையும் ஒருசேர மூழ்கடித்ததே! ஆகவே வள்ளியூர் அலுவலகத்தின் ஒரு பிரதி மதுரையில் இருக்கட்டும். ஒரு பிரதி எந்தக் கம்பியோடும் இணைக்கப்படாமல் இருக்கட்டும். இணைந்திருப்பதைத் திருடன் சேர்த்தே பூட்டிவிடுவான்.

நகல் எடுத்தால் மட்டும் போதுமா? போதாது! 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாகத் தரவை அழித்தார். ஐந்து வகை ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆபத்து வேளையில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதி ஒன்று மானத்தைக் காத்தது. நகலிலிருந்து மீட்டுப் பார்க்காதவன், நகல் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

“செலவாகும்” என்பார்கள். ஆகட்டும்! சின்ன அலுவலகத்துக்கு வேண்டியது சில டிஸ்க்குகளும் பொறுப்புள்ள ஓர் ஆளும்தான். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால், வாசலில் நிற்கும் ஏழை தன் கூலியிலிருந்து அதைக் கட்டுகிறான். “தலைமையிடத்தில் எல்லாம் இருக்கிறது” என்பார்கள். இருந்தால் நல்லது, அதிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வேலை தொடங்கும் என்று கேளுங்கள்.

கூட்டுறவுச் சங்கமானாலும், ஆலையின் சம்பளப் பிரிவானாலும் தோழர்கள் கேட்க வேண்டியவை இவை: கடைசியாக எப்போது நகல் எடுத்தீர்கள்? அது எந்த ஊரில் இருக்கிறது? எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? எத்தனை நாள் கணக்கு போனால் தாங்குவீர்கள்? சர்வர் எழும்வரை காகிதத்தில் மனு வாங்கி, ரசீது கொடுப்பீர்களா? பொறுப்பாளர் பெயரும், அவசரத்தில் செய்யவேண்டியவையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் தொங்குகின்றனவா? சர்வருக்குள் பூட்டிய திட்டம், சர்வர் படுத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

இதே கேள்விகளை நம் சங்க அலுவலகத்திலும் கேட்போம். உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் கிடக்குமானால், ஊருக்கு உபதேசம் செய்ய நமக்கு ஏது வாய்?

வருங்கால வைப்பு நிதிக் கணக்கு உழைத்தவனின் வேர்வை. கடன் தீர்த்த ரசீது அவன் மானம். எந்திரம் சாகலாம், அவன் சாட்சி சாகக் கூடாது. “நாளைக்கு வாருங்கள்” என்று இனி யாரேனும் சொன்னால், வெறுங்கையோடு திரும்பாதீர்கள் தோழர்களே. “நகல் எங்கே?” என்று கேளுங்கள்!