லைன் வீடுகளும் பாரம்பரியம்தான்

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் சுரங்க வேலை நின்றது. அதே ஆண்டு, ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் 1986-இலேயே மூடப்பட்டிருந்த சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஷூப், கிரெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் நவீனத்துவ பாணியில் எழுப்பிய அதன் 12-ஆம் ஷாஃப்ட்டின் (சுரங்கக் குழியின்) கட்டடங்களைப் பார்க்க இன்று உலகமே போகிறது. தங்கவயலிலோ மறுசீரமைப்புப் பேச்சு எழுந்தால், ஒரு தரப்பு வெள்ளைக்காரர்களின் கிளப்பையும் பங்களாக்களையும் காட்டுகிறது. இன்னொரு தரப்பு எல்லாவற்றையும் வெறும் நிலமாகப் பார்த்துத் தொழிற்பேட்டை கேட்கிறது. இரண்டு தரப்பின் கண்ணிலும் படாதவை, சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளான லைன் வீடுகள். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டிய ஒவ்வொரு ஷாஃப்ட்டையும் சுற்றி லைன்கள் முளைத்தன. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அவற்றில் குடியேறினார்கள். தங்கவயலின் மாரிக்குப்பத்தில், தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்தச் சங்கம் வேரூன்றியது இவர்களிடையேதான். அவருடைய ‘தமிழன்’ இதழ் 1926-இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் மீண்டும் வெளிவந்ததும் இந்த ஊரிலிருந்துதான். கிளப்பை மட்டும் காப்பாற்றினால், முதலாளியின் வரலாறு மட்டுமே மிஞ்சும்.

ஒற்றை அறையும் பொதுக் கழிப்பறையுமாகக் கம்பெனி கொடுத்த வீட்டை ஏன் காக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அந்த நெருக்கடியை அழகென்று சொல்வது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. 1925-இல் பாரிஸின் நடுப்பகுதியை இடித்துக் கோபுரங்கள் எழுப்பச் சொன்ன நவீனத்துவக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயும் வெளிச்சமில்லாத வீடுகளைத்தான் காரணம் காட்டினார். அவர் சொன்ன நோய் உண்மை, மருந்துதான் தவறு. 1939 முதல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கரும் நவீனத்துவர்தான். ஆனால் பிற்காலத்தில் அவரே, மொத்தமாகத் தீட்டிவைக்கும் மாஸ்டர் பிளானை விட்டுவிட்டு, நடப்பைப் பார்த்துப் படிப்படியாகத் திருத்தும் முறைக்கு மாறச் சொன்னார். தங்கவயலுக்குப் பொருந்துவது அதுதான். தெருவும் லைனும் அப்படியே இருக்கட்டும். இரண்டு வீடுகளை ஒன்றாக்கி, தண்ணீரையும் கழிப்பறையையும் உள்ளே கொண்டுவரலாம்.

வேலைக்காக விடியலில் பெங்களூருக்கு ரயிலேறும் ஊருக்குப் பாரம்பரியம் சோறு போடுமா என்பதும் மறுக்க முடியாத கேள்வி. தொழிற்சாலை வரத்தான் வேண்டும். ஆனால் அதற்கு லைன்களை இடிக்கத் தேவையில்லை, ஊரைச் சுற்றி வெற்று நிலம் கிடக்கிறது. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவுமண்ணாகச் சுமார் 1,000 ஏக்கரில் பரவிய சயனைட் மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த மண் அகன்று, சுத்தமான இடத்தில் தொழிற்பேட்டை வரட்டும். லைன்வாசிகளின் பட்டா வேலை அதற்கு முன்பே முடிய வேண்டும். வீடு யாருடையது என்று தெரியாமல் வரையும் எந்தத் திட்டமும் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸில்தான் போய் நிற்கும்.